வாசலை அடைத்த புது வண்டி

முதல் பேருந்து கிளம்ப வேண்டிய விடியற்காலையில், பணிமனையின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு புத்தம் புது வண்டி நின்றது. முகப்பில் சிவப்பு ரிப்பன், கண்ணாடியில் பொட்டுத் தூசி இல்லை, கதவில் பூட்டு. சாவியைக் காணோம். அதற்குப் பின்னால், ஊர் முழுக்க ஓட வேண்டிய வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டு வரிசையாக நின்றன. பழுதான வண்டியை இழுத்துப் போடுகிற வண்டிகூட உள்ளேதான் மாட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்கள் இறங்கி வந்து ரிப்பனைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், கடைசியில் நிதானக்காவைப் பார்த்தார்கள்.

நிதானக்கா அந்தப் பணிமனையின் மேற்பார்வையாளர். பல வருஷம் பேருந்து ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால், நின்றுகொண்டு வருகிற பயணியின் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஓட்டுநர் வேலையோடு படித்துத் தேர்வெழுதி, அந்தப் பணிமனையில் ஸ்டியரிங்கை விட்டு மேற்பார்வையாளர் நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏன், இருக்கக்கூடாதா?

மேற்பார்வையாளருக்கு எத்தனையோ வேலை இருந்தாலும், தலையான வேலை வண்டிகளை வரிசைப்படுத்துவது. மாலையில் வண்டிகள் திரும்பி வர வர, மறுநாள் எது முதலில் போக வேண்டுமோ அது வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று மாறினால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் மாட்டிக்கொள்ளும். முந்தின மாலையும் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் நிதானக்கா வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகுதான் மேலாளருக்கு அந்த அருமையான யோசனை உதித்தது.

மேலாளருக்குப் பணிமனை வைத்த பெயர் 'உடனடி'. அவர் வாயிலிருந்தும் பேனாவிலிருந்தும் அந்தச் சொல் வராமல் ஓர் உத்தரவும் வந்ததில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பெரிய மனிதர் வந்து புது வண்டியின் ரிப்பனை வெட்டுவதாக ஏற்பாடு. வருகிறவர் கண்ணில் முதலில் புது வண்டிதான் பட வேண்டும் என்று உடனடி அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். யாராவது ஏறி இருக்கையை அழுக்காக்கிவிடுவார்களோ என்று அவரே பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், கைபேசியை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். விழாவில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்!

"என்ன அண்ணே இது?" என்று நிதானக்கா காவலாளியைக் கேட்டார்.

"நான் சொன்னேம்மா, காலைல வண்டி போகணுமே சார்னு. 'பத்து மணிக்கு முன்னாடி யாருக்கு என்ன அவசரம்'னுட்டார்."

ஓர் ஓட்டுநர் ஓட்டமும் நடையுமாக மேலாளர் வீட்டுக்குப் போய், அவரை எழுப்பி, சாவியை வாங்கிக்கொண்டு வருவதற்குள் ஊர் கொதித்துவிட்டது. நிறுத்தங்களில் பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் கூட்டமாக நின்று கத்தினார்கள். தலைமையகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: யார் பொறுப்பு?

மதியத்துக்குள் மேலாளரின் உத்தரவும் வந்துவிட்டது. வண்டிகளை வரிசைப்படுத்தும் பொறுப்பில் இருந்தவர் மேற்பார்வையாளர் பதவியிலிருந்து உடனடியாக நீக்கப்பட்டு, மீண்டும் ஓட்டுநராக அனுப்பப்படுகிறார்.

நிதானக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனார். "சார், என்னை ஒரு வார்த்தை கேக்கலயே?"

"கேக்க என்னம்மா இருக்கு? உங்களுக்கு வண்டி ஓட்டுறதுன்னா உசுருன்னு எல்லாரும் சொல்றாங்க. சந்தோஷமா போய் ஓட்டுங்க."

"உசுருதான் சார். அதுக்காக, செய்யாத தப்புக்கு ஓட்டணுமா?"

உடனடி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உடனடியா போய் வண்டியை எடுங்க. பயணிங்க காத்திருக்காங்க."

கேட்டால் நிதானக்கா பதில் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை. இது பணிமனையில் எல்லாருக்கும் தெரியும். டீக்கடைக்குப் போய் எல்லாரும் "அநியாயம்!" என்றார்கள். மேலாளர் அறைப்பக்கம் வந்ததும் எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

அதைவிட ஒன்று நிதானக்காவுக்கு வலித்தது. மறுநாள் காலை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய நாற்காலியில், ஸ்பேனர் உட்கார்ந்திருந்தான். அவன் மெக்கானிக். வேறு யார் கை வைத்தாலும் முரண்டு பிடிக்கிற எஞ்சின் அவன் கைக்கு மட்டும் அடங்கும். தினமும் காலையில் நிதானக்காவோடு ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடிப்பவன், வாய் நிறைய 'அக்கா' என்பவன். இப்போது அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். 'ஓகோ, நீயும் கூட்டா? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே' என்று நிதானக்கா நினைத்தார். அன்றோடு பேச்சு நின்றது.

நிதானக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் ஒரு சலூன். கைராசிக்காரர்தான், ஆனால் ஒரு குணம். வந்து உட்காருகிறவரை எப்படி வெட்டட்டும் என்று கேட்கவே மாட்டார். தலையைப் பார்த்தவுடனே அவரே தீர்மானித்துவிடுவார். "அண்ணே, பின்னாடி கொஞ்சம்..." என்று யாராவது ஆரம்பித்தால், "நீங்க சும்மா இருங்க, உங்க தலை எனக்குத் தெரியும்" என்று பொன்னாடை மாதிரித் துணியைப் போர்த்திவிடுவார்.

அன்று மாலை சலூன் பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிதானக்காவுக்கு ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள்.

"மேலிடத்தோட மோதாதீங்கம்மா. போனா போகுது," என்றார் தபால்காரர்.

"வேலையே போகல, பதவிதானே போச்சு," என்றார் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர்.

"ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நிதானக்கா கணவரைக் கேட்டார்.

கத்தரி நின்றது. "உனக்கு என்ன தோணுது?"

"அந்த நாற்காலி போனதுகூடப் பரவாயில்லைங்க. நிறுத்தத்துல நின்ன பிள்ளைங்க எல்லாம், இந்தம்மாவாலதான் வண்டி வரலன்னு நினைச்சுட்டிருக்குமே. அதைத்தான் என்னால தாங்க முடியல." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மூலை நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஓர் உருவம் அப்போது எழுந்து உட்கார்ந்தது. அது வக்கீல். அவர் தலையில் வெட்டுவதற்கென்று ஒரு முடி கிடையாது. ஆனாலும் வாரம் தவறாமல் வந்துவிடுவார். சவரம் ஒரு சாக்கு, வந்தது வாய்ப்பேச்சுக்கு.

"ஏம்மா, உத்தரவு போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட விளக்கம் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"வாயாலயாவது?"

"'உடனடியா போய் வண்டியை எடு'ன்னாங்க."

வக்கீல் நுரைக்குள் சிரித்தார். "அப்போ சாவி யார் பையில இருந்துச்சுன்னு நாம மண்டையை உடைச்சுக்கவே வேண்டாம். தண்டனையா ஒருத்தரைப் பதவி இறக்கணும்னா, 'நீ என்னப்பா சொல்ற'ன்னு முதல்ல கேக்கணும். அது சட்டம். கேக்கலயா, உத்தரவு நிக்காது. வாங்க, தீர்ப்பாயத்துக்குப் போவோம்."

"சவரம் பாதியில நிக்குது!" என்று கணவர் கத்தினார். வக்கீல் அதற்குள் பாதிக் கன்னத்தோடு தெருவில் இறங்கி, மனுவில் என்ன எழுதுவது என்று நிதானக்காவுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

வழக்கு நடந்த மாதங்களில் நிதானக்கா வண்டி ஓட்டினார். முன்பெல்லாம் நிதானம் என்றால் நிதானக்கா. இப்போது மனுஷி ஹாரனை அழுத்தினால் தெருநாய்கூட இரண்டு தெரு தள்ளி ஓடியது. காலையில் வண்டியை எடுக்கும்போது ஸ்பேனர் பிளாஸ்க்கோடு வாசல் பக்கம் வருவான். அவர் ஹாரனை ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார். அவனும் நாற்காலியில் தங்குகிற ஆளாக இல்லை. மேற்பார்வையாளரைத் தேடி வருகிறவர்கள் எந்த வண்டிக்கு அடியில் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. வரிசையும் ஏனோதானோதான். ஒரு காலையில் புறநகர் வண்டி வெளியே வர நாலு வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் விசாரணை நாள் வந்தது. தீர்ப்பாயத்தின் அறை சிறியது; மின்விசிறி அதைவிடச் சின்னது. நிதானக்காவின் கணவர் அன்று சலூனைப் பூட்டியதால், சலூன் பெஞ்சில் உட்காருகிற அத்தனை பேரும் இங்கே வந்து பெஞ்சை நிறைத்திருந்தார்கள். நீதிபதி அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

பணிமனைத் தரப்பு வக்கீல் எழுந்தார். "இது தண்டனையே இல்லை. நிர்வாக வசதிக்காகச் செய்த மாற்றம். மனுதாரர் அருமையான ஓட்டுநர். அவருடைய திறமையைப் பயன்படுத்திக்கொள்ளத்தான்..."

"அப்படியானால் அவரை மேலே உட்கார வைத்ததுதான் தண்டனையா?" என்றார் நீதிபதி. பெஞ்சில் ஒரு சலசலப்பு. அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உத்தரவு போடுறதுக்கு முன்னாடி இவங்களைக் கேட்டீங்களா?"

உடனடி எழுந்து நின்றார். "கேக்க நேரம் இல்லீங்கம்மா. உடனடியா..."

சொல்லி முடிப்பதற்குள் சலூன் பெஞ்சு மொத்தமும் சிரித்துவிட்டது. நீதிபதி மேசையைத் தட்டிவிட்டு நிதானக்காவைப் பார்த்தார். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சாவி சார் சட்டைப் பையில இருக்குன்னு சொல்லியிருப்பேம்மா. வேற ஒண்ணும் இல்ல."

பாவம், உடனடியின் கை அவரைக் கேட்காமலே எழுந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. இந்த முறை நீதிபதியாலேயே மேசையைத் தட்ட முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டதும் அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். "இவங்க இடத்துல இப்ப இருக்கிறவர் யாரு? அவருக்கும் இதுல பாதிப்பு உண்டு. நீங்க ஏதாவது சொல்லணுமாப்பா?"

ஸ்பேனர் எழுந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இந்த விஷயத்துல என்னைக் கேக்குற முதல் ஆளு நீங்கதான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேலே சொல்லும்படி தலையசைத்தார்.

"அன்னைக்கு மத்தியானம் வண்டிக்கு அடியில படுத்திருந்தேங்க. காலைப் பிடிச்சு இழுத்து, 'நீதான் இனிமே மேற்பார்வையாளர், உடனடியா வந்து உக்காரு'ன்னாங்க. கையைக் கழுவக்கூட விடல. நான் எஞ்சினோட பேசுறவன்மா. நாலு மனுஷங்களோட பேசினா எனக்கு வேர்த்துடும். வேண்டாம்னு சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள சார் போயிட்டார். அந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்தாலே முதுகு பிடிச்சுக்குதும்மா. தயவு பண்ணி அக்காவை அந்த நாற்காலியில உக்கார வைங்க. என்னை வண்டிக்கு அடியில விடுங்க."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. நிதானக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேலாளர் நம்மைக் கேட்கவில்லை என்று ஊரைக் கூட்டி வழக்குப் போட்ட நாம், இத்தனை மாதம் தினமும் கண்ணெதிரே வந்து நின்ற இந்தப் பிள்ளையை ஒரு தடவை கேட்டோமா? பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டோமே! வெட்கம் பிடுங்கித் தின்றது அவருக்கு.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. ஒருவரைக் கீழே இறக்க நினைக்கிறவர், முதலில் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் போட்ட உத்தரவு செல்லாது. மனுதாரர் மேற்பார்வையாளராகவே தொடர்வார். நீதிபதி படித்து முடித்ததும் கணவர் எழுந்து கைதட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த தபால்காரர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

நிதானக்கா யாரிடமும் நிற்காமல் நேராகத் தாழ்வாரத்துக்குப் போய் ஸ்பேனரைப் பிடித்தார்.

"ஏன் தம்பி, என்கிட்ட இதைச் சொல்லல?"

"எத்தனை தடவை டீயைத் தூக்கிட்டு வந்தேன்! நீங்க ஹாரனை அமுக்கிட்டுப் போயிட்டீங்களேக்கா."

"எனக்கு நிதானம்னு பேரு வச்சவனை உதைக்கணும்."

"வச்சது நான்தான்க்கா."

நிதானக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் உன்னைக் கேக்காம விட்டது பெரிய தப்புப்பா. மனசுல வச்சுக்காத."

"விடுங்கக்கா. நாளைக்குக் காலைல டீ நீங்க கொண்டு வாங்க. அது போதும்."

மறுநாள் காலை இரண்டு பிளாஸ்க் டீயோடு நிதானக்கா பணிமனைக்குள் நுழைந்தபோது வரிசையில் நின்ற வண்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. சுற்றுவட்டாரமே பதறி எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தது. கோபிக்க வேண்டியவர்கள்கூடக் கையசைத்தார்கள். அந்த நிமிஷத்தில் நிதானக்காவுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஸ்பேனரோ ஏற்கெனவே ஒரு வண்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தான். கால்கள் இரண்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சில வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், சலூன் கதவைத் திறந்துகொண்டு உடனடி உள்ளே வந்தார்.

நிதானக்கா பெஞ்சில் கணவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். வக்கீல் வழக்கம்போல மூலையில் நுரையோடு இருந்தார். உடனடி தயங்கித் தயங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் பேசாமல் துணியைப் போர்த்தினார்.

"முடி வெட்ட மட்டும் வரலம்மா," என்றார் உடனடி, கண்ணாடியில் தெரிந்த நிதானக்காவிடம். "என்னை மேலாளர் பதவியிலேர்ந்து எடுத்தது உங்களுக்கே தெரியும். தொலைஞ்ச பொருள் பிரிவுல போட்டிருக்காங்க. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குடை எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"என்ன காரணம் சார்?"

"தலைமையகத்துப் பெரியவர் ஒருத்தர் நிறுத்தத்துல நின்னு கையைக் காட்டியிருக்கார். நம்ம வண்டி நிக்காம போயிடுச்சாம். அது பழுது பார்த்து ஓட்டிப் பார்க்குற வண்டிம்மா. ஆளை ஏத்தவே கூடாது. அதைச் சொல்றதுக்குள்ள உத்தரவு வந்துடுச்சு." குரல் தணிந்தது. "உடனடியா."

தபால்காரருக்கு அடக்க முடியவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்லா வேணும்! இந்தம்மாவை அலைய விட்டீங்கல்ல, இப்ப குடை எண்ணுங்க."

கடை முழுக்கச் சிரித்தது. உடனடியின் முகம் சுருங்கிவிட்டது. "வக்கீல் சார்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமான்னுதான்..." என்று முணுமுணுத்தார்.

வக்கீல் எழுந்து உட்கார்ந்து நிதானக்காவைப் பார்த்தார். "நான் இவங்களுக்காக உங்களை எதிர்த்து நின்னவன். இவங்க சரின்னா எடுத்துக்குறேன்."

இப்போது எல்லாருடைய கண்ணும் நிதானக்கா மேல். சிரித்துத் தீர்க்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. உள்ளே சிரிப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களைக் கேட்டாங்களா சார்?"

"கேக்கலம்மா."

"அப்போ அது தப்பு. வக்கீல் சார், கேஸை எடுங்க. சாட்சி வேணும்னா நானே வர்றேன். அது ஓட்டிப் பார்க்குற வண்டின்னு எனக்கும் ஸ்பேனருக்கும் தெரியும்."

"என்னம்மா நீங்க, இவருக்குப் போயா?" என்றார் தபால்காரர்.

நிதானக்கா அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, எனக்கு நடந்தா அநியாயம், இவருக்கு நடந்தா நல்லா வேணுமா? ஒருத்தர் தலையில பழியைப் போடுறதுக்கு முன்னாடி, 'நீ என்ன சொல்ற'ன்னு அவரைக் கேக்கணும். ஆபீஸ்லயும் சரி, வீட்டுலயும் சரி, சிநேகத்துலயும் சரி. பிடிச்சவங்களை மட்டும் கேட்டா அது நியாயம் இல்ல, சலுகை. பிடிக்காதவங்களையும் கேக்குறதுதான் நியாயம். நானே அதை வழக்குப் போட்ட பிறகுதான் கத்துக்கிட்டேன்."

துணிக்குள் இருந்த உடனடி தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு நான் உங்களைக் கேட்டிருக்கணும்மா," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் நிதானமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

கணவர் கத்தரியை எடுத்தார். வழக்கம்போல அவருடைய தலையை ஒரு பார்வை பார்த்து, ஒரு பக்கம் சீப்பையும் வைத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கத்தரியைத் தாழ்த்தி, குனிந்து, கடை வைத்த நாளிலிருந்து ஒருவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"சார், எப்படி வெட்டட்டும்? நீங்களே சொல்லுங்க."